கதவுக்கு வெளியே சாம்பல்

கதவைத் தாழ் போட்டுவிட்டீர்களா? நல்லது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. இந்தக் கதையில் பேய் கிடையாது, பிசாசு கிடையாது. ஒரு குரல் மட்டும்தான் இருக்கிறது. குரலுக்குப் போய் யாராவது பயப்படுவார்களா என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு டப்பிங் கலைஞர் இருந்தார். வேற்று மொழிப் படங்களில் வருகிறவர்களுக்கு நம் மொழியில் குரல் கொடுப்பது அவர் பிழைப்பு. ஆள் ஒல்லி, சாது. பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். எப்போது பார்த்தாலும் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார். விரல் நுனிகளெல்லாம் எலி கொறித்த சோப்பு மாதிரி இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அக்காவோடும் அக்கா மகளோடும் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்தார். அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை அளவுக்குத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். அவள் இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்காது, கோணலாக நீட்டிக்கொண்டே இருக்கும். அதனால் ஒன்பது விரலில் வேலை செய்யப் பழகியிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் உயர்வகுப்பு படித்தாள். பார்க்கச் சிறுசு, வாய் காரம். வீட்டில் அவளைக் ‘கடுகு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுடைய மாமாவுக்கு அதுவரை கிடைத்த வேடமெல்லாம் இரண்டாவது காட்சியிலேயே செத்துப்போகிற நண்பன், போன் எடுத்து ‘அவர் இல்லைங்க’ என்கிற குமாஸ்தா, இப்படித்தான். அந்த நேரத்தில் ஒரு பறக்கும் வீரன் படம் வந்தது. வீரன் பெயர் ககனன். அவனுக்கு எதிரி சாம்பல். அவன் தொட்ட ஊர் சாம்பலாகும், அதனால் அந்தப் பெயர். முகம் முழுக்க இரும்பு முகமூடி. வழக்கமாக வில்லனுக்குப் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சும்மா உட்கார்ந்திருந்த மாமாவைக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்தினார்கள்.

மாமா வில்லன் என்றால் கத்த வேண்டும் என்று நினைத்தார். அடிவயிற்றிலிருந்து கத்தினார். டப்பிங் டைரக்டர் அந்தத் தொழிலிலேயே தலை நரைத்த அம்மாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்.

“நீங்க குரைக்கிறீங்க. குரைக்கிற நாய் கடிக்காதுன்னு குழந்தைக்கும் தெரியும். எனக்குக் கடிக்கிற நாய் வேணும்.”

மாமா தண்ணீர் குடித்தார். திரையில் அடுத்த காட்சி ஓடியது. இடிந்த வீட்டுக்குள் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள். சாம்பல் வந்து அவள் பக்கத்தில் குனிகிறான். முகமூடி போட்டவனுக்குக் குரல் கொடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. மற்றவர்களுக்கு உதடு திறக்கும்போது சொல் திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். முகமூடிக்குள் உதடு தெரியாது. அவன் வாயில் நாம் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். மூலப் படத்தில் அந்த இடத்தில் சாம்பல் ஒன்றும் பேசவில்லை, மூச்சு மட்டும்தான் விடுகிறான். மாமா உள்ளங்கையைக் குவித்து வாயில் வைத்து அந்த மூச்சை விட்டார். மூச்சு முடிந்த இடத்தில், அவர் நினைக்காமலே, அடங்கிய குரலில் ஒரு கேள்வி வந்தது.

“சாப்பிட்டியாம்மா?”

ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுத் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். டைரக்டர் அம்மாள் சிலிர்த்த தன் கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சும்மா வந்தது என்று மாமா சொன்னார்.

சும்மா வரவில்லை. அது அவருடைய அக்கா புருஷனின் குரல்.

மாமா படிக்கிற வயதில் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தார். அந்த ஆள் ஒரு நாளும் கத்தியதில்லை. அக்கம்பக்கத்தில் அவரைப் போல மனுஷன் உண்டா என்பார்கள். அக்கா ஏதாவது தப்புச் செய்தால், தப்பென்றால் என்ன, ஜன்னலோரம் நின்றது, போனில் சிரித்தது, அவ்வளவுதான், அவர் பக்கத்தில் வந்து தலையைத் தடவி, சாப்பிட்டியாம்மா என்று கேட்பார். அக்கா சாப்பிட்டேன் என்பாள். அப்புறம்தான் நடக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த மாமாவுக்கு அந்தக் கேள்வி மட்டும் கேட்கும். பதில் கேட்கும். அதற்கப்புறம் எதுவும் கேட்காது. கேட்காமல் இருப்பதுதான் பெரிய பயம். ஒருநாள் அக்காவின் விரலைக் கதவிடுக்கில் வைத்து, ஆட்டுக்குட்டியைப் பட்டியில் அடைக்கிற பக்குவத்தோடு, மெதுவாகக் கதவைச் சாத்தினார். அடுத்த நாள் அக்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தம்பியோடு வெளியேறினாள். ஊர் மாறினார்கள், உறவை அறுத்தார்கள். ‘அத்தான்’ என்ற சொல்லே வீட்டைவிட்டுப் போனது. கடுகுக்கு அப்பா தங்களோடு இல்லை என்பது மட்டும் தெரியும். அம்மா விரலைப் பற்றிக் கேட்டால், கதவில் மாட்டிக்கொண்டது என்பாள் அம்மா. பொய்யில்லை, பாருங்கள்.

படம் வந்தது. சாம்பலைத்தான் ஜனங்கள் கொண்டாடினார்கள். ககனன் பாவம், உயிரைக் கொடுத்துப் பறந்தான், சீந்துவாரில்லை. தெருவில் பிள்ளைகள் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு ‘சாப்பிட்டியாம்மா’ என்றார்கள். பனியனில் அச்சடித்தார்கள். போனில் மணியாக வைத்துக்கொண்டார்கள். கடுகுக்குத் தலைகால் புரியவில்லை. என் மாமாதான் சாம்பல் என்று பள்ளிக்கூடமெல்லாம் சொன்னாள். அந்த வில்லனிடம் அப்படி என்ன இருக்கிறது என்று மாமாவே ஒருநாள் கேட்டார்.

“மத்த வில்லனெல்லாம் ஊரை அழிப்பேன், உலகத்தைப் பிடிப்பேன்னு தன்னைப் பத்தியே பேசுறான். ககனன் பறந்துட்டே இருக்கான், யாரையும் ஒண்ணும் விசாரிக்கிறதில்லை. சாம்பல் ஒருத்தன்தான் மாமா நின்னு, சாப்பிட்டியான்னு கேக்குறான்.”

மாமா நகத்தைக் கடித்தார்.

மாமாவுக்கும் கடுகுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. கடையடைத்து அக்கா வருவதற்கு முன்பே மாமா வந்துவிடுவார். கதவுக்கு வெளியே நின்று, கையைக் குவித்து முகமூடி மூச்சு விட்டு, ‘சாப்பிட்டியாம்மா’ என்பார். உள்ளேயிருந்து கடுகு, அந்தக் கேள்விக்காகப் படத்தில் அந்தப் பெண்ணுக்குத் தமிழில் எழுதிச் சேர்த்த பதிலைச் சொல்வாள்: ‘உன் கையால சாப்பிட மாட்டேன், சாம்பல்.’ அவர், ‘பசி உன்னைக் கூட்டிட்டு வரும்’ என்பார். கடுகு கதவைத் திறப்பாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அக்காவிடம் மாமா, அது பொடிசுகள் பார்க்கிற படம், உனக்குப் பிடிக்காது என்று சொல்லி வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம் அது. ஒருநாள் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒரு பையன் தன் தங்கையின் காதருகே குனிந்து அப்படியே கேட்டான், அதே இழுப்பு, அதே அடக்கம். அக்காவின் கையிலிருந்த லென்ஸ் இயந்திரத்தில் மாட்டி விரிசல் விட்டது. எங்கே கற்றாய் என்று கேட்டாள். பையன் தன் பனியனைக் காட்டினான்.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை.

“நான் ஓடி வந்ததே அந்தக் குரலை விட்டுட்டுத்தான்டா. நீ அதைத் தூக்கிட்டு வந்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கே.”

மாமா அழுதார். அவர் சொன்ன காரணம் இதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது அவர் மண்டைக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மைக் முன்னால் அதை வெளியே விட்டதும் முதல்முறையாகத் தூக்கம் வந்தது. தவிர, படத்தில் அவன் ஜெயிப்பதில்லை.

“ஒவ்வொரு தடவையும் கடைசில தோத்துப் போறான்க்கா.”

“தோத்தவன் அடுத்த படத்துல வரான் இல்ல?” என்றாள் அக்கா.

வந்துகொண்டுதான் இருந்தான். இரண்டாவது படத்தில் கடலில் மூழ்கியவன் மூன்றாவதில் எழுந்திருந்தான், டப்பிங் தேதிகூடக் குறித்தாகிவிட்டது. வில்லன் செத்தால் படம் எடுக்கிறவர்களுக்குப் பிழைப்பு ஏது? மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, டைரக்டரிடம் சொல்லிக் குரலை மாற்றிவிடுகிறேன், முடியாவிட்டால் விட்டுவிடுகிறேன் என்றார். கதவு விளையாட்டும் அன்றோடு நின்றது. ஏன் நின்றது என்று கடுகுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் செய்த தப்பு அதுதான், கண்ணுகளா. பிள்ளைக்குப் பயம் வேண்டாமென்று பயத்தின் பெயரைச் சொல்லாமல் விட்டார்கள்.

டைரக்டரிடம் பேச மாமா ஸ்டூடியோவுக்குப் போன அன்று மத்தியானம், வாசலில் வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். படம் பார்த்துவிட்டு உங்களைத் தேடி ஒரு ரசிகர் வந்திருந்தார் சார், ரொம்ப மரியாதையான மனுஷன், என்னையே சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார், என்றார்.

“உங்க குரலை அப்படியே பேசறாரு சார். தப்பா நினைக்காதீங்க, உங்களைவிட அசலா இருந்துச்சு.”

மாமாவின் கை வாய்க்குப் போனது, கடிக்க நகம் மிச்சமில்லை. எப்போது வந்தார் என்று கேட்டார்.

“நேத்து சாயங்காலம் உங்க பின்னாலயே பஸ் ஏறினாரே, பாக்கலையா?”

மாமா ஸ்டூடியோவுக்குள் போகவில்லை. தெருவில் ஓடிக்கொண்டே கடுகுக்குப் போன் போட்டார். பரீட்சை விடுமுறை, அவள் வீட்டில் தனியாக இருக்கிறாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்று சொல்கிறேன். மூச்சை விட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குச் சற்று முன்பு கடுகு கூடத்தில் தரையில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது. மாடிப்படியில் காலடி கேட்டது. கதவுக்கு வெளியே வந்து நின்றது. கதவைத் தட்டவில்லை. பிறகு குரல் வந்தது.

“சாப்பிட்டியாம்மா?”

கடுகு துள்ளி எழுந்தாள். அம்மா இல்லாத நேரம் பார்த்து மாமா மறுபடி விளையாட்டை ஆரம்பித்துவிட்டார் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தபடி, உன் கையால சாப்பிட மாட்டேன் சாம்பல் என்றாள். தாழ்ப்பாளை இழுத்தும் விட்டாள். சங்கிலி மட்டும் பாக்கி. கதவு சங்கிலி விட்ட அளவுக்குத் திறந்தது, நாலு விரல் இடைவெளி.

பிறகு அதே குரல், கொஞ்சம் வியப்போடு, என்னம்மா சொல்கிறாய் என்றது.

மாமாவுக்கு வசனம் மறந்துவிட்டது என்று கடுகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வசனத்துக்கு முன்னால் முகமூடி மூச்சு வரவில்லை. மாமா அதை ஒருநாளும் விட்டதில்லை. அந்த நேரத்தில் உள்ளறையில் போன் அடித்தது. அது மாமாவுக்கென்று அவள் வைத்திருந்த மணி. மாமா போனில் கூப்பிடுகிறார் என்றால் வெளியே நிற்பது யார்?

“போன் கிடக்கட்டும்மா,” என்றது குரல். “இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கேன். அப்பாவை வாசல்லயே நிக்க வைப்பியா?”

கடுகுக்குக் கால் நகரவில்லை. பயத்தில்தான் என்று நினைக்காதீர்கள். அந்தக் குரல் அவ்வளவு நன்றாக இருந்தது. அவளுக்கு மனப்பாடமான குரல், தலையணைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய குரல். அது இப்போது அவளிடமே பேசியது. என்ன வகுப்பு என்று கேட்டது. இளைத்துவிட்டாயா என்று கேட்டது. உன் அம்மா பயந்த சுபாவம், அவளைக் குற்றம் சொல்லாதே, அவளையும் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்றது. ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது. கடுகின் கை தானாகச் சங்கிலிக்குப் போனது. கொக்கியை வளையத்தில் பாதிவரை நகர்த்திவிட்டாள்.

அப்போது இடைவெளி வழியாக விரல்கள் உள்ளே வந்தன. சுத்தமான விரல்கள், நகங்கள் அளவாக வெட்டப்பட்டிருந்தன. நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தன.

“கதவைச் சாத்திடாதே கண்ணு. அப்பா விரலும் உங்கம்மா விரல் மாதிரி ஆயிடும்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். மெல்லிய, அன்பான சிரிப்பு.

கடுகு சிறுசுதான், மக்கு இல்லை. அம்மாவின் விரல் அவள் கண்முன் வந்தது. கதவில் மாட்டிக்கொண்டது என்பாள் அம்மா. எந்தக் கதவு, அதை யார் சாத்தினார்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. படத்தில் சாம்பல் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு ஒருவரும் பிழைத்ததில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அத்தனை தடவை பார்த்திருக்கிறாள். கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள், அதற்கப்புறம் நடப்பதைப் பார்த்ததே இல்லை போல இருந்தது.

கதவைத் தள்ளிச் சாத்தலாம், விரல்கள் இருக்கின்றன. கத்தலாம், மேல்மாடிக்கு ஆள் ஏறி வர நேரமாகும். சங்கிலியோ பாதியில் தொங்குகிறது, வெளியிலிருந்து ஓர் உலுக்கு போதும். கடுகு இரண்டு உள்ளங்கைகளையும் கதவில் பதித்தாள். வாயை அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவளுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அடங்கிய குரல், அன்பான குரல்.

“நீங்க சாப்பிட்டீங்களாப்பா?”

நெருப்புப் பட்டதுபோல விரல்கள் வெளியே பறந்தன.

அந்தக் கேள்விக்கு அப்புறம் என்ன வரும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தானே. கடுகு கதவை அறைந்து சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். மேல் தாழ், கீழ் தாழ் எல்லாம் போட்டாள். முதுகைக் கதவில் சாய்த்துத் தரையில் சரிந்தாள். வெளியே நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் காலடிகள் அவசரமில்லாமல் படியிறங்கின.

மாமாவும் அக்காவும் ஒன்றாகத்தான் படியேறி வந்தார்கள். மாமா போனில் சொன்னதும் அக்கா கடை ஏப்ரனோடு ஓடி வந்திருந்தாள். கீழ்வீட்டு அம்மாள் இவர்களை நிறுத்தி, இப்போதுதான் உங்கள் உறவுக்காரர் போனார், தங்கமான மனுஷன், முன்பின் தெரியாத என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போகிறார் என்றாள். அக்கா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

காவல் நிலையத்தில் புகார் எழுதியவர், மிரட்டினாரா என்று கேட்டார். மிரட்டவில்லை. திட்டினாரா? திட்டவில்லை. பின்னே என்னதான் சொன்னார்? மாமா சொன்னார். எழுதுகிறவரின் பேனா நின்றது, உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அவரும் படம் பார்த்திருந்தார். அப்போது அக்கா தன் சுண்டுவிரலை மேசைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. எழுத ஆரம்பித்தார்.

அந்த வாரமே வீடு மாறினார்கள். புது வீட்டில் முதல் சாயங்காலம் கடுகு அம்மாவின் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள்.

“அந்தக் குரல் நல்லா இருந்துச்சும்மா. திறந்துடலாம்னு இருந்துச்சு.”

“தெரியும்,” என்றாள் அம்மா. “எனக்கும் நல்லா இருந்துச்சு. அதனாலதான் கட்டிக்கிட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்துக் கடுகு இன்னொன்றும் சொன்னாள்.

“எனக்கும் அதே குரல் வந்துச்சும்மா.”

அம்மா கோணல் விரலோடு இருந்த கையால் மகளின் வாயை மெல்லத் தடவிக் கொடுத்தாள். காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது அது.

அந்த வீட்டில் இப்போது யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. தட்டை வைத்துவிட்டு, வா என்பார்கள். மூன்றாவது படத்தில் சாம்பலுக்கு வேறு யாரோ பேசினார்கள். மாமா மறுபடி இரண்டாவது காட்சியில் செத்துப்போகிற நண்பனாகிவிட்டார். புதுக் குரலில் பயமே வரவில்லை என்று ஜனங்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். வரவில்லையென்றால் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மாமா சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்டிவிட்டு, நான்தான் என்பார், தன் சொந்த ஒல்லிக் குரலில். கடுகு நம்ப மாட்டாள். நம்பாதே என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். சங்கிலியைக் கழற்றாமல் கதவை நாலு விரல் திறப்பாள். மாமா தன் விரல்களை அந்த இடைவெளிக்குள் வைப்பார். கடித்துக் குதறிய நகங்கள். அவள் நன்றாகப் பார்த்து முடிக்கிறவரை அவை அங்கேயே நடுங்கிக்கொண்டிருக்கும். ஒருநாளும் அவர் அவற்றை வெளியே இழுத்ததில்லை.